விருந்தும் ஒப்புரவும்: வந்த ஊருக்கு உழைத்த மாணவர் வரலாறு

'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். தொல்காப்பியர் செய்யுளியலில் வனப்பு எட்டனுள் ஒன்றாக விருந்தைக் கூறுவார். புதிதாகப் புனையப்படும் யாப்பினையே அவர் அங்கு அப்பெயரால் சுட்டுகிறார். அச்சொல்லே புதியராய் வாயிலில் வந்து நிற்பவரையும், அவருக்கு இடப்படும் உணவையும் குறிக்கும். கவிதைக்கும் இல்லத்துக்கும் பொதுவாய் அமைந்த இச்சொல்லைக் கொண்டு, கவிஞர் நிறைந்த நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கான இவ்வரலாற்றுக் கட்டுரையைத் தொடங்குதல் பொருந்தும் என்று எண்ணுகிறேன்.

வள்ளுவர் விருந்தோம்பலை 9ஆம் அதிகாரமாகவும், ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் அமைத்தார். இரண்டும் இல்லறவியலைச் சார்ந்தவையே. ஆயினும் இரண்டிற்கும் இடையே நுட்பமான வேறுபாடு உண்டு. முன்னது, வந்தவர்க்கு இல்லத்தார் செய்வது. பின்னது, ஊரோடு உடன்வாழ்பவர் ஊருக்குச் செய்வது. வந்தவரே ஒப்புரவு செய்யப் புகுந்தால் என்ன நேரும்? விருந்தினர் உண்டு, உறங்கி, வாழ்த்தி விடைபெறுவதோடு அமையாமல், வந்த ஊரின் தெருவைக் கூட்டவும், நோயாளியைத் தூக்கவும், முதியோர்க்குத் துணையிருக்கவும் முற்பட்டால் அவ்வூர் அதனை எங்ஙனம் ஏற்கும்?

இருபதாம் நூற்றாண்டு இவ்வினாவை மாணவர் வாயிலாக மீண்டும் மீண்டும் எழுப்பியது. ஒரு நாட்டு மாணவர் மற்றொரு நாட்டில் ஒரு குடும்பத்தாருடன் ஓராண்டு தங்கிப் பயில்வதும், பயிலுங்கால் அவ்வூர்த் தொண்டில் பங்கேற்பதும் இன்று பல நாடுகளில் இயல்பாகிவிட்டன. இவ்வழக்கம் எவ்வாறு தோன்றிற்று, எங்கே இடறிற்று, அதனைத் தொண்டு என்று சொல்வதற்கு எது அளவுகோல் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைப்பாதையில் ஒரு மாணவன்

மாணவர் பரிமாற்றத்தின் வரலாற்றை வகுப்பறையிலிருந்து தொடங்குவதே வழக்கம். ஆனால் இன்று உலகெங்கும் அறியப்பட்ட ஏ.எஃப்.எஸ். எனும் பரிமாற்ற அமைப்பின் தோற்றம் வகுப்பறையில் நிகழ்ந்ததன்று, போர்க்களத்தில் நிகழ்ந்தது. 'அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ்' என்பதன் முதலெழுத்துகளே அம்மூன்றும்.

1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது, பாரிஸ் நகரின் புறத்தே நெய்யி என்னுமிடத்தில் அங்கு வாழ்ந்த அமெரிக்கர் நடத்திய மருத்துவமனை ஒன்று இருந்தது. காயமுற்ற வீரர்க்காக அதனை அடுத்த பள்ளிக் கட்டடம் ஒன்றும் மருத்துவமனையாக மாற்றப்பட்டது. அங்கு ஊர்தி ஓட்டும் தொண்டராக வந்து சேர்ந்தவர் ஏ. பியாட் ஆண்ட்ரூ. இவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயிற்றியவர். அமெரிக்க நிதித்துறையில் துணைச் செயலர் பதவியும் வகித்தவர். பதவியும் புலமையும் உடைய இவர் பிற நாட்டில் ஓட்டுநராய் அமர்ந்தது அன்று பலருக்கு வியப்பளித்திருக்கும்.

காயமுற்றோரைப் போர்முனையிலிருந்தே ஏற்றிவர வேண்டும் என்பது ஆண்ட்ரூவின் விருப்பம். பிரெஞ்சுப் படைத்தலைமை இதற்கு எளிதில் இசையவில்லை. அமெரிக்கா அப்போது போரில் இறங்காத நடுநிலை நாடு. அயலாரைப் போர்முனைக்கு அருகே விடுவதில் ஒற்றர் பற்றிய அச்சம் அவர்களுக்கு இருந்தது. ஆண்ட்ரூ படைத்தலைமையிடம் நேரில் சென்று வேண்டினார். ஒரு பிரிவை மட்டும் சோதனையாக அனுப்ப இசைவு கிடைத்தது. 1915 ஏப்ரலில் முறையான உடன்பாடு ஏற்பட்டது. தொண்டு செய்ய வந்தவர், செய்வதற்கு இசைவு வேண்டி வாயிலில் காத்து நின்றார் என்பதை இங்கே நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்குத் தேவை வரும்.

வோஸ்கஸ் மலைப்பகுதியில் அதுவரை காயமுற்றோரைக் கோவேறு கழுதைகளின் மீது ஏற்றியே இறக்கினர். எடை குறைந்த ஃபோர்டு 'மாடல் டி' ஊர்திகள் அம்மலைப்பாதைகளில் ஏறவல்லவை என்பதை இத்தொண்டர் மெய்ப்பித்தனர். ஓட்டியவருள் பலர் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் முதலிய பல்கலைக்கழகங்களில் பயின்ற இளைஞர். அவர்களுள் ஒருவர் டார்ட்மத் கல்லூரியில் பயின்ற ரிச்சர்டு ஹால். 1915ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், காயமுற்றோரை ஏற்றிவர மலைப்பாதையில் தனியே சென்றுகொண்டிருந்தபோது எறிகுண்டு அவரது ஊர்தியைத் தாக்கிற்று. இவ்வமைப்பின் ஓட்டுநருள் முதலில் உயிர்நீத்தவர் அவரே. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கி, தொண்டர் பிரிவுகள் படையோடு இணைக்கப்படும் வரையில், ஏறத்தாழ 2,500 பேர் இவ்வமைப்பில் பணியாற்றினர்.

அவர்கள் பிரான்சு நாட்டிற்குப் பயில வந்தவர் அல்லர். ஆயினும் பிரெஞ்சுச் சிற்றூர்களில் தங்கி, அம்மக்கள் பகிர்ந்த உணவை உண்டு, அவர்தம் மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசக் கற்றனர். தொண்டே அவர்களுக்குக் கல்வியாயிற்று.

ஊர்தியிலிருந்து வகுப்பறைக்கு

போர் முடிந்ததும், உயிர்நீத்த தோழர்க்குக் கல்லால் நினைவுச்சின்னம் எழுப்புவதைவிட மாணவரால் எழுப்புவது சிறப்பு என்று எஞ்சியோர் கருதினர். 1919இல் அவர்கள் ஏற்படுத்திய உதவித்தொகைத் திட்டத்தின்வழி அமெரிக்க மாணவர் பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களுக்கும், பிரெஞ்சு மாணவர் அமெரிக்காவுக்கும் சென்று பயின்றனர். அதே 1919இல்தான் நியூயார்க்கில் பன்னாட்டுக் கல்விக் கழகமும் நிறுவப்பட்டது. போரின் சாம்பலிலிருந்து கல்விப் பரிமாற்றம் ஓர் இயக்கமாய் எழுந்த ஆண்டு அது எனலாம்.

ஆண்ட்ரூ 1936இல் மறைந்தார். அவருக்குத் துணையாய் நின்ற ஸ்டீபன் கலாட்டி பொறுப்பேற்றார். இரண்டாம் உலகப்போரில் இவ்வமைப்பு மீண்டும் உயிர்பெற்றது. வட ஆப்பிரிக்கப் பாலைநிலத்திலும், இத்தாலியிலும், இந்தியா - பர்மா எல்லையிலும் இவர்களது ஊர்திகள் ஓடின. 1945 ஏப்ரலில் ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் வதைமுகாம் விடுவிக்கப்பட்டபோது, குற்றுயிராய்க் கிடந்தோரைச் சுமந்தவருள் இவர்களும் இருந்தனர்.

அக்காட்சியைக் கண்டவர் வெறுமனே வீடு திரும்ப இயலவில்லை. 1946இல் கலாட்டியும் இரு போர்களிலும் பணியாற்றிய ஓட்டுநரும் நியூயார்க்கில் கூடி ஒரு முடிவெடுத்தனர். இனிப் புண்பட்ட உடல்களைச் சுமப்பதற்கு மாறாக, புண்படாத இளையோரை நாடுவிட்டு நாடு கொண்டுசேர்ப்பது என்பதே அம்முடிவு. பல்கலைக்கழக மாணவரை விடுத்து உயர்நிலைப்பள்ளிப் பருவத்தினரைத் தெரிந்தெடுத்தனர். பகைமை வேர்விடுவதற்கு முன்னரே பழக்கம் வேர்விட வேண்டும் என்பது அதன் உட்கருத்து. 1947இல் பத்து நாடுகளிலிருந்து 52 மாணவர் அமெரிக்கா வந்து சேர்ந்தனர். சில ஆண்டுகளுள் நேற்றைய பகைநாடுகளான ஜெர்மனி, ஜப்பான் ஆகியவற்றின் பிள்ளைகளும் வந்தனர். 1950 முதல் அமெரிக்க மாணவரும் வெளிநாடு செல்லலாயினர்.

இத்திட்டத்தின் அடித்தளத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். மாணவரை ஏற்கும் குடும்பத்தார் அதற்கெனக் கூலியோ வாடகையோ பெறுவதில்லை. தம் பிள்ளைக்கு இடும் உணவையே வந்த பிள்ளைக்கும் இட்டனர். ஊர்தோறும் மாணவரைத் தேர்ந்து, வழியனுப்பி, குறைகேட்டு, பள்ளியோடு பேசி ஆவன செய்தோரும் பெரும்பாலும் ஊதியமற்ற தொண்டரே. ஆகவே, பரிமாற்ற மாணவர் ஓர் ஊருக்கு வந்து இறங்கும்போதே அவ்வூர் அவருக்காகத் தொண்டு செய்து முடித்திருக்கிறது. அவர் அங்குள்ள முதியோர் இல்லத்தில் ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவதும், வறியோர்க்கு உணவு பகிரும் கூடத்தில் தட்டு கழுவுவதும் புதிதாய் ஈவன அல்ல, பெற்றதைத் திருப்புவன. ஈகையினின்று ஒப்புரவு வேறுபடும் இடம் இதுவே. ஈபவன் மேலே நிற்பான். ஒப்புரவாளன் அருகே நிற்பான்.

பகைவர் வந்து கட்டிய ஊர்

இதே காலத்தில் ஐரோப்பாவில் வேறொரு வழியும் தோன்றிற்று. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் பியேர் செரெசோல், போரை எதிர்ப்போர் பேச்சோடு நிற்றலாகாது என்று எண்ணினார். 1920 நவம்பரில், வெர்தன் போர்க்களத்தை ஒட்டி முற்றிலும் அழிந்துகிடந்த எஸ்ன் என்னும் பிரெஞ்சுச் சிற்றூருக்குச் சில தோழரோடு சென்றார். 1916இல் பிரெஞ்சு வீரரும் ஜெர்மன் வீரரும் மாதக்கணக்கில் மடிந்த 304ஆம் குன்றின் அடிவாரத்தில் உள்ள ஊர் அது. வந்த தொண்டருள் ஜெர்மானியரும் இருந்தனர். தம் நாட்டினர் இடித்ததைத் தாம் கட்டித்தர வேண்டும் என்பது அவர்கள் வேட்கை. குளிர்காலம் முழுதும் அவர்கள் குடில்கள் அமைத்தனர், சாலையைச் செப்பனிட்டனர், நிலத்தைப் பண்படுத்தினர்.

ஆனால் அப்பகுதி அதிகாரிகளுக்கு ஜெர்மானியர் அங்கிருத்தல் உவப்பாயில்லை. 1921 வசந்தத்தில் வேலை மறுக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து மாதங்களில் முகாம் கலைந்தது. ஜெர்மானியரை மட்டும் அனுப்பிவிட்டுப் பிறர் தொடர்ந்திருக்கலாம். அவர்கள் அதனை விரும்பவில்லை. ஊர் மறுத்தது, தொண்டர் விலகினர். தோல்வி என்று இதனைச் சொல்வாருண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. புண்பட்டவனுக்கு மருந்தை மறுக்கும் உரிமையும் உண்டு. அவ்வுரிமையை மதித்து எழுந்து சென்றவரே, பின்னாளில் 'சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்' என்னும் பன்னாட்டுத் தொண்டு இயக்கமாய் வளர்ந்தனர். இன்று பல்லாயிரம் மாணவர் விடுமுறையில் பங்கேற்கும் பன்னாட்டு உழைப்பு முகாம்களுக்கு எஸ்ன் சிற்றூரே மூத்த முன்மாதிரி.

இவ்வரலாறு நம் நாட்டையும் தொட்டது. 1934 ஜனவரி 15இல் பீகாரைப் பெருநிலநடுக்கம் உலுக்கியது. காந்தியடிகள் 1931 டிசம்பரில் சுவிட்சர்லாந்து சென்றபோதே அவரைச் சந்தித்திருந்த செரெசோல், பேரிடர்ச் செய்தி கேட்டுப் பீகாருக்கு வந்தார். அங்குத் துயர்துடைப்புப் பணியை முன்னின்று நடத்திய இராசேந்திர பிரசாத்தையும், காந்தியடிகளையும் கண்டு பேசிய பின்னரே பணியிற் புகுந்தார். பின் வந்த ஆண்டுகளில் தோழர் சிலரையும் உடனழைத்து வந்து, வெள்ளம் புகும் தாழ்நிலத்து ஊர்களை மேட்டில் மீண்டும் அமைக்கும் வேலையில் மக்களோடு மண் சுமந்தார். வெள்ளையர் ஆட்சி நடந்த நாட்டில், ஒரு வெள்ளையர் ஆணையிடாமல் மண் சுமந்தது சிற்றூர் மக்கள் காணாத காட்சியாய் இருந்திருக்கும்.

வராதீர்கள் என்று ஒரு குரல்

1950களிலும் 1960களிலும் இந்நிலை மாறிற்று. செல்வ நாட்டு மாணவர் வறிய நாட்டுச் சிற்றூர்களுக்குக் கோடை விடுமுறையில் கூட்டங்கூட்டமாய்ச் செல்லத் தொடங்கினர். இங்குத் திருப்புவதற்குக் கடனொன்றும் இல்லை. கொடுப்பதற்கே வந்தோம் என்னும் எண்ணமே மேலோங்கிற்று. இசைவு கேட்போரும் அருகினர்.

இதனை எதிர்த்து எழுந்த குரல்களுள் கூர்மையானது இவான் இலிச் உடையது. வியன்னாவில் 1926இல் பிறந்து, கத்தோலிக்கக் குருவாகி, நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கோ மக்களிடையே பணியாற்றி, பின்னர் மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில் ஆய்வு மையம் நடத்தியவர் அவர். மெக்சிகோ சிற்றூர்களில் கோடைத்தொண்டு செய்துவந்த வட அமெரிக்க மாணவர் அமைப்பினர் 1968 ஏப்ரல் 20ஆம் நாள் தம் கூட்டத்திற்கு அவரை உரையாற்ற அழைத்தனர். பாராட்டை எதிர்பார்த்திருந்தோர்க்கு இடியே விழுந்தது. நல்லெண்ணம் மட்டும் போதாது என்றார் அவர். அச்சிற்றூரார் மொழியையே அறியாத நீங்கள், அவர்கள் உங்களைப் பற்றி என்ன எண்ணுகிறார்கள் என்பதையும் அறிய வழியற்றவர்கள் என்றார். காணவும் கற்கவும் மலையேறவும் மலர்களை நுகரவும் வாருங்கள். உதவுவதற்கென்று மட்டும் வராதீர்கள் என்பது அவ்வுரையின் சாரம். ஏழையரோடுதான் பணியாற்றுவேன் என்பீராயின், உம்மை முகத்துக்கு நேரே விரட்டவல்ல ஏழையரிடம் செல்லுங்கள் என்றும் அவர் இடித்துரைத்தார்.

கடுமையான உரைதான். ஆயினும் இவ்வரலாற்றின் திறவுகோல் அதனுள்ளே இருக்கிறது. மறுக்கும் ஆற்றல் ஏற்பவரிடம் இருந்தால்தான் தொண்டு தொண்டாகும். இல்லையேல் அது திணிப்பு. 1915இல் பிரெஞ்சுப் படைத்தலைமை மறுத்திருக்கலாம். ஆண்ட்ரூ காத்து நின்றார். 1921இல் எஸ்ன் பகுதியில் மறுத்தேவிட்டனர், செரெசோல் விலகினார். 1960களின் மெக்சிகோ சிற்றூரார்க்கு மறுக்கும் வழியில்லை. மொழியும் இல்லை, வலிமையும் இல்லை. சிரித்து ஏற்றுக்கொள்வதைத் தவிர அவர்க்கு வேறென்ன இருந்தது?

பரிமாற்ற மாணவர்தம் தொண்டு, கோடைத் தொண்டினின்று வேறுபடுவதும் இங்கேதான். பரிமாற்ற மாணவர் தனியே வருகிறார், கூட்டமாய் வருவதில்லை. ஒரு வீட்டின் ஒழுங்குக்கு உட்படுகிறார். ஓராண்டு தங்குவதால் மொழியைக் கற்கிறார். தவறு செய்தால் கண்டிக்க ஒரு தாயும் ஒரு தந்தையும் அங்கு உளர். 'வேண்டாம்' என்று அவரிடம் சொல்ல அவ்வூருக்கு முடியும். அச்சொல் அவருக்குப் புரியவும் செய்யும்.

ஆணையிலிருந்து விருப்பத்துக்கு

சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தது. மறுஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டமொன்றின்வழி, பிரிந்த நாடுகளின் பள்ளி மாணவர் அமெரிக்கக் குடும்பங்களில் ஓராண்டு தங்கிப் பயிலும் திட்டம் உருவாயிற்று. 'ஃப்ளெக்ஸ்' என்பது அதன் சுருக்கப் பெயர். 2001 செப்டம்பர் 11 நிகழ்ச்சிக்குப் பின், முஸ்லிம் மக்கள் மிகுதியாய் வாழும் நாடுகளின் மாணவர்க்கென 'யெஸ்' என்னும் மற்றொரு திட்டம் 2002இல் தொடங்கப்பட்டது. கென்னடி, லூகர் என்னும் இரு செனட்டர்களின் பெயரை அது தாங்கியுள்ளது. இவ்விரண்டிலும் ஊர்த்தொண்டு ஓர் உறுப்பாகவே அமைக்கப்பட்டது. உணவு வங்கிகளில் பொட்டலம் கட்டுவது, நூலகத்தில் சிறார்க்குக் கதை படிப்பது, பூங்காக்களைத் துப்புரவு செய்வது என அப்பணி பலவகைப்பட்டது.

இதில் ஓர் உளவியல் நுட்பம் உண்டு. சோவியத் நாட்டிலும் ஊதியமற்ற ஊர்ப்பணி இருந்தது. 'சுப்போத்னிக்' என்னும் சனிக்கிழமை உழைப்பு 1919இல் மாஸ்கோவில் இரயில்வே தொழிலாளரிடையே தோன்றியது. 1920 மே நாளன்று லெனினே மரக்கட்டை சுமந்தார். விருப்பத்தால் தோன்றிய அவ்வழக்கம் நாளடைவில் ஆணையாய் இறுகிற்று. வராதவர் பெயர் குறிக்கப்படும் தொண்டைத் தொண்டு என்று எவரும் நெஞ்சார நம்புவதில்லை. அத்தகைய நினைவுள்ள வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள், எவரும் ஏவாமலே ஒரு முதியவர் வாரந்தோறும் உணவுக்கூடத்தில் வந்து நிற்பதைக் கண்டது, பாடநூல் எதுவும் தராத பாடமாகும்.

அதே வேளையில், அத்திட்டங்களுக்குள்ளேயே ஒரு முரணும் ஒளிந்திருக்கிறது. தொண்டு ஒரு நிபந்தனையானவுடன் மணிக்கணக்கு வந்துவிடுகிறது. கணக்கு வந்தவுடன் சான்றிதழ் வருகிறது. சுப்போத்னிக்கில் வராதோர் பட்டியல் இருந்தது. இங்கு வந்தோர் பட்டியல் இருக்கிறது. இரண்டும் பட்டியல்களே. உண்மையான தொண்டு, பட்டியல் முடிந்த பிறகும் அம்மாணவர் மீண்டும் அங்குச் செல்லும் நாளில்தான் தொடங்குகிறது.

மதுரையும் ஒரு கண்மாயும்

தமிழ்நாட்டுக்கும் இவ்வரலாற்றில் ஓரிடம் உண்டு. அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியைச் சார்ந்த மதப்பணியாளர் பலர் 1900இல் சீனத்தின் ஷான்சி மாநிலத்தில் எழுந்த கலவரத்தில் உயிரிழந்தனர். அவர் நினைவாக 1908இல் அமைந்த ஓபர்லின் ஷான்சி சங்கம், இளம் பட்டதாரிகளைச் சீனத்துக்கு அனுப்பிவந்தது. 1949க்குப் பின் அவ்வாயில் அடைபடவே, மதுரை அதற்குப் புதுவாயிலாயிற்று. அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் அவ்விளைஞர் வந்து ஆங்கிலம் கற்பித்தனர், தமிழ் கற்றனர். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1961இல் தொடங்கிய 'இந்தியாவில் ஓராண்டு' திட்டத்தின்வழியும் மாணவர் பலர் மதுரைக்கு வந்து தமிழ் பயின்றனர். கொடுக்க வந்தோம் என்னாது கற்க வந்தோம் என்று வந்தவர்க்கு இந்நகர் கதவடைத்ததில்லை.

இவ்விடத்தில் என் பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு, தமிழ் பயில ஐரோப்பாவிலிருந்து வந்த மாணவி ஒருவர் எங்கள் கல்லூரியில் சில மாதங்கள் தங்கியிருந்தார். அவ்வாண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு நான் பொறுப்பாசிரியை. 1969ஆம் ஆண்டு காந்தி நூற்றாண்டையொட்டித் தொடங்கப்பட்ட அத்திட்டத்தின் ஏழுநாள் முகாமை வறண்ட சிற்றூர் ஒன்றில் நடத்தினோம். அம்மாணவியும் விரும்பி உடன்வந்தார். பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பது என்று நானே முடிவுசெய்து, சுண்ணாம்பும் மட்டையும் வாங்கி வைத்திருந்தேன். ஊராரை நான் கேட்கவில்லை.

முதல் நாள் காலை மாணவியர் சுவரருகே நின்று நிழற்படம் எடுத்துக்கொண்டிருந்தனர். கையில் தூக்குச்சட்டியோடு அவ்வழியே வந்த மூதாட்டி ஒருவர் நின்று பார்த்தார்.

"மூணு வருசமா வர்ற பிள்ளைக எல்லாம் இந்தச் செவத்துக்கே வெள்ளையடிச்சிட்டுப் போகுதுக, டீச்சரம்மா. செவரு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

என்னிடம் விடையில்லை. அயல்நாட்டு மாணவிக்கு அப்பேச்சு முழுதும் விளங்கியது. அவர்தான் கேட்டார்: "அப்ப என்ன செய்யணும், பாட்டி?"

"கம்மாயில முள்ளு மண்டிக் கெடக்கு தாயி. நாளைக்கு எங்க ஆளுக வெட்டப் போறாக. வாரதுன்னா வா. முள்ளு குத்தும். மொதல்ல கஞ்சியக் குடி."

மறுநாள் அனைவரும் கண்மாய்க்குச் சென்றோம். சீமைக்கருவேலத்தை வெட்டியவர் ஊர் ஆண்கள்; இழுத்துக் குவித்தவர் ஊர்ப் பெண்களும் எங்கள் மாணவியரும். அயல்நாட்டு மாணவியின் உள்ளங்கையில் முள் ஏறிற்று. மூதாட்டி மடியிலிருந்த ஊசியை எடுத்து, அவர் கையைத் தம் முழங்காலில் வைத்து முள்ளை எடுத்தார். பின்னர், "அந்தக் கொப்ப இங்கிட்டு இழுத்துப் போடு" என்று அடுத்த வேலையைச் சொன்னார்.

அன்றிரவு அம்மாணவி என்னிடம் கூறியதை நான் மறக்கவில்லை. தமிழ்நாட்டுக்கு வந்த நாள்முதல் எல்லாரும் தமக்கு உணவிட்டனர், இருக்கை தந்தனர், எழ முற்பட்டால் அமரச் சொன்னனர். இன்றுதான் முதன்முதலாக ஒருவர் தம்மிடம் வேலை சொன்னார் என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் வேறு எந்நாளும் கண்டதில்லை. விருந்தினரிடம் நாம் வேலை சொல்வதில்லை, வீட்டாரிடம்தான் சொல்வோம். 'கம்மாய்' என்று அவர் தம் குறிப்பேட்டில் எழுதி, அதன் கீழே 'கண்மாய்' என்னும் நூல்வழக்கையும் எழுதிவைத்தார். அச்சொல்லை நான் வகுப்பில் நூறு முறை நடத்தியிருந்தாலும் அது அவர்க்கு இவ்வளவு ஆழமாய்ப் பதிந்திராது.

இலிச் பேருரையாய்ச் சொன்னதை அம்மூதாட்டி ஒரு சுவரைக் காட்டிச் சொல்லிவிட்டார். இலிச் சொல்லாமல் விட்டதையும் அவரே சொன்னார். வராதே என்று அவர் சொல்லவில்லை. கஞ்சி குடித்துவிட்டு வா என்றார்.

நிறைவாக

மேற்கண்ட வரலாற்றால் பெறப்படுவன மூன்று. வந்த ஊருக்குச் செய்யும் தொண்டு ஈகையன்று, பெற்ற விருந்துக்குக் கைம்மாறு. அது ஊரார் இசைவோடு, அவர் மறுக்கும் உரிமைக்கு உட்பட்டுச் செய்யப்பட வேண்டும். அதற்கு மொழி முதற்றேவை. ஏனெனில் மறுப்பும் மொழிவழியேதான் வரும். மொழியாசிரியர்க்கும் கவிஞர்க்கும் இதில் உள்ள பங்கு இம்மூன்றாவதில் இருக்கிறது. 'வேண்டாம்', 'வேண்டும்' என்னும் இரு சொற்களையும், அவற்றை ஊரார் சொல்லும் நூறு வகையான சாயல்களையும் கேட்கப் பழக்குவதே நம் தொழில்.

பத்தாண்டுகளாக நம் வட்டத்திற்குப் புதியோர் பலர் வந்துள்ளனர். தேநீர் தந்து, இருக்கை காட்டி, கவிதை கேட்டு அனுப்பிவைத்தோம். சிலர் மீண்டும் வந்தனர், பலர் வரவில்லை. மீண்டும் வந்தோரை எண்ணிப் பார்க்கிறேன். நாற்காலி அடுக்கவும், அழைப்பிதழ் எழுதவும், மெய்ப்புத் திருத்தவும் நாம் எவரிடம் சொன்னோமோ அவரே மீண்டும் வந்திருக்கின்றனர். வரும் ஆண்டுகளில் நம் வாயிலுக்கு வரும் விருந்துக்கு, விருந்தோம்பலின் முடிவில் ஒரு சிறு வேலையையும் சொல்லிவைப்போமாக.